இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னை அணுகியபொழுது, கல்வியால் நாம் பெற்ற உயர்வு என்னும் பொருளில் பேசுமாறு கேட்டனர். அப்பொருளில் பேசுதற்கு என்னினும் தக்கோர் இம்மேடையிலேயே பலர் அமர்ந்துள்ளனர். நான் ஆசிரியன் அல்லேன், மருத்துவனும் அல்லேன். மருத்துவக் கல்லூரியொன்றின் திசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கண்ணாடிச் சில்லுகளுக்குச் சாயம் ஏற்றி ஓய்வு பெற்றவன். ஆதலின் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச இசைவு பெற்றேன். அது வயிற்றைப் பற்றியது. வயிற்றுவலி என்ற சொல் கேளாத வீடு நம் தெருவில் எது?

என் தந்தையார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புவார். உண்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தி இருப்பார். அம்மா ஒரு குவளைத் தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்துக் கொடுப்பார்கள். ஏப்பம் வந்ததும் வலி போயிற்று என்பார். இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. பின்னர் இரண்டு கவளம் உள்ளே போனாலே வயிறு நிறைந்துவிட்டது என்றார், உடல் மெலிந்தது, மலம் கறுத்தது. பெருநகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கிருந்த மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "உங்கள் ஆட்கள் மிளகாயையும் சாராயத்தையும் விட்டால்தானே" என்றார். என் தந்தையார் வாழ்நாளில் சாராயம் தொட்டறியாதவர். அதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆய்வுக்கூட வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த நானும் வாய் திறவாது நின்றேன். வயிற்றைத் திறந்து பார்த்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பினர். 1978-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இரைப்பைப் புற்றுநோய் என்று சான்றிதழில் எழுதியிருந்தது.

அம்மருத்துவரின் இகழ்ச்சி அவருக்கே உரியது. அவர் கொண்டிருந்த கருத்தோ அன்றைய மருத்துவ உலகம் முழுவதும் கொண்டிருந்த கருத்து. வயிற்றில் அமிலம் மிகுவதால் புண் உண்டாகிறது. கவலையாலும் காரத்தாலும் அமிலம் மிகுகிறது. ஆகவே புண்ணுக்குக் காரணம் நோயாளியின் மனமும் நாக்கும் என்பது அக்கருத்து. நரம்பை வெட்டினர்; இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றினர்; பாலும் மோருமாகக் குடிக்கச் சொல்லினர். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்று பாடநூல்கள் கூறின. கிருமியே இல்லாத இடத்தில் கிருமியைத் தேடுவார் யார்?

கண்டவர்களும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலிய அறிஞர் பிட்சொசெரோ நாயின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டு எழுதினார். மனித இரைப்பையில் கண்டதாகவும் வேறு சிலர் எழுதினர். ஆயின் 1954-ஆம் ஆண்டில் பால்மர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1,180 பேரின் இரைப்பைத் திசுவை ஆராய்ந்து அத்தகைய கிருமி ஒன்றும் இல்லை என்று அறிவித்தார். அத்துடன் அப்பேச்சு ஏறத்தாழ கால் நூற்றாண்டு அடங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பயன்படுத்திய சாயத்தில் அக்கிருமி கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. அந்த ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயந்தான் நானும் என் பணிக்காலத்தின் முற்பகுதி முழுவதும் ஏற்றியது. எத்தனை ஆயிரம் இரைப்பைத் துணுக்குகள் என் கைவழியே போயினவோ! அவற்றுள் பெரும்பாலானவற்றில் அக்கிருமி இருந்திருக்கும். நானும் காணவில்லை.

கண்டவர் இராபின் வாரன். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரம் உள்ளது. அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் திசு நோயியல் மருத்துவராக இருந்தவர். 1979 ஜூன் மாதத்தில், தம் 42-ஆவது பிறந்த நாளன்று, அழற்சியுற்ற இரைப்பைத் துணுக்கு ஒன்றின் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்றைக் கண்டார். ஐயம் தீர வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். வளைந்த கிருமிகள் கூட்டங் கூட்டமாகக் கறுத்துத் தெரிந்தன. வெள்ளி விழா நடத்தும் நாம் வெள்ளியின் இந்தப் பயனையும் நினைத்துக்கொள்ளலாம். வாரனின் தோழர்கள் அவர் பேச்சை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அவர் இரண்டாண்டுக்கு மேல் தனியே துணுக்குகளைச் சேர்த்து வந்தார்.

1981-ஆம் ஆண்டில் அவருடன் வந்து சேர்ந்தவர் பேரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர். பயிற்சிக் காலத்தில் ஏதேனும் ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. வாரனிடம் ஓர் ஆய்வு இருந்தது. அவ்வளவே தொடக்கம். மார்ஷல் பிறந்த ஊர் கால்கூர்லி. அதுவும் ஒரு தங்கச் சுரங்க ஊர் என்பதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொன்னால் மகிழ்வார்கள். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர். முதலில் வந்த முப்பதுக்கும் மேற்பட்டோரின் திசுக்களிலிருந்து கிருமியை வளர்க்க முடியவில்லை. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாள் பார்த்துவிட்டு எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டை எடுத்துப் பார்க்க ஆளில்லை. ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபொழுது சிறு சிறு துளிகளாகக் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் உயிர் அது. அதுகாறும் அதற்கு நாள் கொடுத்தவர் இல்லை. அந்த 100 பேரில் முன்சிறுகுடற்புண் உடைய 13 பேரிடமும் அது இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பெயர் 1989-இல் நிலைபெற்றது. நான் இதனை இரைப்பைக் கிருமி என்றே சொல்லிச் செல்வேன்.

மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. புண் இருக்கும் இடத்தில் கிருமி வந்து ஒட்டிக்கொண்டதா, கிருமி வந்ததால் புண் உண்டாயிற்றா என்பது கேள்வி. 1984-ஆம் ஆண்டில் மார்ஷல் தம் இரைப்பையை முதலில் உள்நோக்கிக் கருவியால் சோதித்து, அது நலமாக உள்ளது என்று உறுதி செய்துகொண்டு, வளர்த்த கிருமியைக் கரைத்துக் குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம், பத்தாம் நாள் எடுத்த துணுக்கில் கடும் அழற்சியும் கிருமியும். பின்னர் மருந்து உட்கொண்டு தேறினார். இதனைப் பெருவீரம் என்று பலர் எழுதுகின்றனர். நான் அவ்வளவாகப் போற்றுவதில்லை. ஒருவர் வயிற்றில் ஒரு முறை நிகழ்ந்தது, இக்கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதைக் காட்டியது. அதற்கு மேல் ஒன்றையும் காட்டவில்லை. அவருக்குப் புண்ணும் வரவில்லை. எவரும் காண விரும்பாத ஒன்றை இரண்டாண்டுக் காலம் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்த வாரனே என் உள்ளத்தில் உயர்ந்து நிற்பவர். இருவருக்கும் 2005-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. வாரன் 2024 ஜூலையில் காலமானார்.

அமிலத்தில் அது எவ்வாறு வாழ்கிறது என்று இளைஞர்கள் கேட்பீர்கள். யூரியா என்னும் பொருள் நம் உடல் நீர்மங்களில் எங்கும் உள்ளது. அதனைப் பிளந்து அம்மோனியா உண்டாக்கும் நொதி ஒன்றை இக்கிருமி மிகுதியாகச் சுரக்கிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கும். தன்னைச் சுற்றி அமிலமற்ற சிறு கூடாரம் ஒன்றை அமைத்துக்கொண்டு, வால் போன்ற இழைகளைச் சுழற்றி நீந்தி, இரைப்பையின் உட்சுவரை மூடியுள்ள வழுவழுப்பான சளிப் படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே அமிலத்தின் கொடுமை குறைவு. உடலின் காவற்படையும் அதனை முற்றாக அழிக்க இயலாமல், போரிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த முடிவில்லாப் போர்தான் நாட்பட்ட அழற்சி. மருந்து கொடுத்து நீக்காவிடில் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அது தொடர்கிறது. பெரும்பாலோர்க்கு ஒரு நோவும் தெரிவதில்லை.

இனி, அழற்சியிலிருந்து புற்றுநோய்க்குச் செல்லும் வழி. இதனை விளக்கியவர் கொலம்பியா நாட்டில் பிறந்த பெலாயோ கொரியா என்னும் திசு நோயியல் அறிஞர். அந்நாட்டின் மலைப்பகுதியில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி, கடற்கரையில் குறைவு. அம்மக்களின் இரைப்பைகளை ஆராய்ந்து, இந்நோய் ஒரே நாளில் முளைப்பதன்று, படிப்படியாக இறங்கி வருவது என்று அவர் கண்டார். முதற்படி நாட்பட்ட அழற்சி. அடுத்து அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து இரைப்பைச் சுவர் மெலிகிறது. பின்பு இரைப்பையின் உட்சுவர் தன் இயல்பை இழந்து குடலின் உட்சுவர் போல மாறுகிறது. நெல் விதைத்த வயலில் கோரை முளைப்பது போல. என் பணிக்காலத்தில் இம்மாற்றத்தைக் கணக்கற்ற சில்லுகளில் கண்டிருக்கிறேன். அதன்பின் அணுக்கள் ஒழுங்கு கெட்டு, இறுதியில் புற்று. இப்படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கொரியா இதனை 1970-களில் வகுத்தபொழுது முதற்படியின் காரணத்தை அறியார். பெர்த் நகரத்துக் கிருமி வந்து அவ்விடத்தை நிரப்பியது. அக்கிருமியிலும் வகைகள் உண்டு. சில வகைகள் ஊசி போன்ற உறுப்பால் தம் புரதம் ஒன்றை நம் அணுக்களுக்குள் செலுத்தி, அவற்றின் வளர்ச்சி ஒழுங்கையே குலைக்கின்றன. அவ்வகையால் வரும் தீங்கு மிகுதி.

கிருமியால் புற்றுநோய் வருமென்று சொல்ல அறிஞர்கள் அஞ்சியதற்கு ஒரு பழங்கதையும் காரணமாக இருந்திருக்கலாம். டென்மார்க்கின் பிபிகர் என்பவர் எலிகளின் இரைப்பையில் புழுவால் புற்று உண்டாயிற்று என்று காட்டி 1926-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். அது தவறு என்று பின்னர் தெரிந்தது. பரிசு பெற்றதனால் ஒன்று மெய்யாகிவிடாது. மெய்யாக்குவது கணக்கு. ஹவாய்த் தீவில் ஜப்பானிய வழியினரான 5,908 ஆண்களிடம் 1967 முதல் 1970 வரை குருதி எடுத்து உறைய வைத்திருந்தனர். அன்று இக்கிருமியின் பெயரே உலகில் இல்லை. இருபது ஆண்டுகளில் அவர்களுள் 109 பேர்க்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. பழைய குருதியை உருக்கி எடுத்துச் சோதித்தபொழுது, புற்றுநோய் கண்டவர்களுள் 94 விழுக்காட்டினர் முன்பே கிருமி உடையவராயிருந்தனர். நோய் வராதவருள் 76 விழுக்காட்டினர். 1991-இல் வெளிவந்த இந்த ஆய்வு நோய்க்கு முன்பே கிருமி வந்திருந்தது என்பதைக் காட்டியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இதே வகை ஆய்வுகள் இதே விடையைத் தந்தன. 1994-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்க்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்னும் முதல் வகுப்பில் இக்கிருமியைச் சேர்த்தது. அவ்வகுப்பில் இடம்பெற்ற முதல் பாக்டீரியா இதுவே.

ஜப்பானில் 1,526 பேரைச் சராசரி 7.8 ஆண்டுகள் தொடர்ந்து உள்நோக்கியால் பார்த்து வந்தனர். கிருமி உடைய 1,246 பேரில் 36 பேர்க்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவர்க்கும் வரவில்லை. இது 2001-இல் வெளியான செய்தி. இதில் ஒரு வியப்பும் உண்டு. முன்சிறுகுடலில் புண் இருந்தவருள் எவர்க்கும் புற்று வரவில்லை. இரைப்பையில் புண் இருந்தவர்க்கு வந்தது. ஆகவே அல்சர் என்று கேட்டவுடன் புற்றுநோய் என்று நடுங்க வேண்டா. கிருமி உடைய 100 பேரில் வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய் காண்பவர் ஒருவர் முதல் மூவர் வரை என்பது பொதுக் கணக்கு. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும் புகையிலையும் குடும்ப வழியும் கிருமியின் வகையும் சேர்ந்தே அந்த ஒருவரைத் தேர்கின்றன. கருவாட்டை நான் குறை சொல்ல வரவில்லை, நானும் உண்பவன். உப்பு நீங்க நன்றாகக் கழுவி, நாள்தோறும் என்று இல்லாமல் உண்ணலாம்.

மற்றொரு வகைப் புற்றும் உண்டு; இரைப்பைச் சுவரின் நிணநீர் அணுக்களில் தோன்றுவது. 1993-இல் இலண்டன் மருத்துவர்கள் அத்தகைய நோயாளர் அறுவருக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தை மட்டும் கொடுத்தனர். ஐவர்க்குக் கட்டி மறைந்தது. கத்தியில்லை, கதிரில்லை. அச்செய்தியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் ஒருவர் படித்துக் காட்டிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றுதான் என் தந்தையாரின் சோடா உப்புக் குவளையை வேறு கண்ணால் பார்த்தேன்.

இக்கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் வாய் வழியே வருகிறது. வாந்தியும் மலமும் பட்ட கை, தூய்மையற்ற நீர் ஆகியவையும் வழிகள். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், இந்தியாவில் வயது வந்தோருள் பாதிக்கு மேற்பட்டோரிடமும் அது இருந்து வந்திருக்கிறது. தேநீர்க் கடையில் நம் முன்னோர்க்குத் தனிக் குவளை வைத்த காலத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். தனிக் குவளை வைத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் தன் தாயின் வாயிலிருந்து இக்கிருமி வந்துகொண்டுதான் இருந்தது. ஆல்ப்சு மலைப் பனியில் 5,300 ஆண்டுகள் உறைந்து கிடந்த ஒரு மனிதனின் இரைப்பையிலும் இது இருந்தது என்று 2016-இல் கண்டறிந்தனர். அவன் வயிற்றிலிருந்த வகைக்கு நெருங்கிய உறவு இன்று நடு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகை என்பது அறிஞர்களையே திகைக்க வைத்தது. மனித இனத்தின் பழைய குடித்தனக்காரன் இது. குலங்கோத்திரம் கேட்டு நுழைந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. ஒரே அறையில் பலர் நெருங்கி உறங்கிய வீடுகளிலும், குழாய் நீர் இல்லாத இடங்களிலும், வறுமையிலும் வளர்ந்தவரிடம் இக்கிருமி மிகுதி என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நாங்கள் ஏழு பேர் ஒரே அறையில் படுத்தோம். தெருவுக்கு ஒரு குழாய். என் தந்தையாரின் நோய்க்கு மிளகாயைக் காரணம் காட்டிய மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1930-களில் அமெரிக்க நாட்டில் ஆண்களை மிகுதியாகக் கொன்ற புற்றுநோய் இரைப்பைப் புற்றுநோயே. பின்னர் அது தானே சரிந்தது. எந்த மருத்துவரும் அதற்கென மருந்து கொடுக்கவில்லை. குளிர்ப்பெட்டி வந்து உப்பிட்ட உணவு குறைந்தது, வீடுகள் விரிந்தன, கழிவுநீர்க் கால்வாயும் நல்ல நீரும் வந்து கிருமியும் குறைந்தது. ஜப்பானில் போருக்கு முன் பிறந்தவருள் பெரும்பாலோரிடம் இருந்த கிருமி, இன்றைய குழந்தைகளுள் மிகச் சிலரிடமே உள்ளது. பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் குடிநீர்க் குழாய்க்காக மனுக் கொடுத்து அலையும் நம் இளைஞர்கள், தாம் செய்வது புற்றுநோய்த் தடுப்பு வேலை என்பதையும் அறிந்துகொள்ளட்டும்.

நம் நாட்டில் கிருமி மிகுந்திருந்தும் அதற்கேற்ற அளவில் புற்றுநோய் இல்லை. இது அறிஞர்க்கு இன்னும் விடுகதையாகவே உள்ளது. நாடெங்கும் ஒரே நிலையும் அன்று. மிசோரம் மாநிலத்தின் ஐஸால் பகுதியில் இந்நோய் நாட்டிலேயே மிகுதி. அங்குப் புகையூட்டிய இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய நீரும் வழக்கில் உள்ளன. தென்னகத்தில், சென்னையில் 1980-களில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய காலத்தில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முன்னணியில் நின்றது இரைப்பைப் புற்றுநோயே. உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 இலட்சத்து 68 ஆயிரம் பேர்க்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் மாண்டனர்.

கிருமியை நீக்கினால் புற்றுநோய் தடுக்கப்படுமா? சீனத்தின் லின்சூ மாவட்டத்தில் 1995-ஆம் ஆண்டில் கிருமி உடைய ஒரு பகுதியினர்க்கு இரண்டே வாரம் மருந்து கொடுத்தனர். 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபொழுது, மருந்து உண்டவர்க்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கொரியாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. பெற்றோரோ உடன்பிறந்தாரோ இரைப்பைப் புற்றுநோய் கண்ட குடும்பத்தினரை மட்டும் தேர்ந்தெடுத்தனர். மருந்து பெற்ற 832 பேரில் 10 பேர்க்கும், பெறாத 844 பேரில் 23 பேர்க்கும் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் நோய் வந்தது. இது 2020-இல் வெளியாயிற்று. சீனத்தில் சாங்லே மாவட்டத்தில் நடந்த மற்றொரு சோதனையில், உட்சுவர் கெடுமுன் மருந்து உண்டவருள் ஒருவர்க்கும் நோய் வரவில்லை. அதே நிலையில் மருந்து உண்ணாதவருள் அறுவர்க்கு வந்தது. கெட்ட பின் உண்டவர்க்கு அத்தகைய பயன் தெரியவில்லை. ஆகவேதான் இப்பேச்சை முதியோர் மன்றத்தில் பேசாமல் இளைஞர்கள் நிறைந்த இவ்வரங்கில் பேசுகின்றேன்.

வயிற்றுவலி உடைய எல்லாரும் நாளையே ஓடிச் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாய், தந்தை, உடன்பிறந்தார் எவர்க்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது தமக்கே புண் இருந்தால், மருத்துவரிடம் சென்று இக்கிருமிக்கான சோதனை வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். யூரியாக் கரைசலைக் குடிக்கச் செய்து மூச்சைச் சோதிக்கும் முறை உண்டு. மலத்தைச் சோதிக்கும் முறை உண்டு. உள்நோக்கியால் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் உண்டு. குருதிச் சோதனை, கிருமி போன பின்னும் இருப்பதாகக் காட்டக்கூடும். அமிலம் குறைக்கும் மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திய பின்பே சோதிக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து உண்டிருந்தால் நான்கு வாரம். இல்லையேல் இருக்கும் கிருமி இல்லையெனத் தோன்றும். நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகத் தோன்றும் வயிற்றுத் தொல்லை, காரணமின்றி மெலிதல், விழுங்குதற்குத் தடை, சிறிது உண்டதும் நிறைதல், இரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம் இவை காணின் உள்நோக்கிச் சோதனையை ஒரு வாரமும் தள்ளிப் போடாதீர்கள். மூட்டுவலிக்கு உண்ணும் மாத்திரைகளாலும் புண் வரும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கி உண்ணும் பழக்கம் இதில் கேடு தரும். இரண்டு அல்லது மூன்று வகைக் கொல்லி மருந்துகளும் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் சேர்த்து, பத்து முதல் பதினான்கு நாள், ஒரு வேளையும் விடாமல் உண்ண வேண்டும். வாய் கசக்கும், பிஸ்மத் சேர்ந்திருந்தால் நாக்கும் மலமும் கறுக்கும், அதற்கு அஞ்சி நடுவில் நிறுத்துவோரே பலர். அரைகுறையாக உண்டால் கிருமி மருந்தை வென்றுவிடக் கற்றுக்கொள்ளும். நம் நாட்டில் மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளை வெல்லும் கிருமி ஏற்கெனவே மிகுதி. முடிந்து நான்கு வாரத்திற்குப் பின் மறுபடியும் சோதித்து, போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

தந்தையாரின் பிள்ளைகளாய் எஞ்சியவர் நாங்கள் மூவர். பத்தாண்டுகளுக்கு முன் மூவரும் ஒரே நாளில் சோதனை செய்துகொண்டோம். தம்பிக்குக் கிருமி இல்லை. எனக்கு இருந்தது, பதினான்கு நாள் மருந்தில் போயிற்று. என் தமக்கையார்க்கும் இருந்தது. அவர்க்கு முதல் முறை மருந்து பயன்படவில்லை. மறுசோதனை செய்ததால்தான் அது தெரிந்தது. மருத்துவர் மருந்தை மாற்றினார். "ஒரு முறை உண்டதே போதும், வயதான காலத்தில் எனக்கெதற்கு" என்றார் தமக்கையார். அம்மா சோடா உப்புக் கரைத்த அந்தப் பித்தளைக் குவளை இன்னும் அவர் வீட்டில்தான் உள்ளது. அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தேன். மாத்திரையை விழுங்கினார். இரண்டாம் முறையில் கிருமி போயிற்று. அவர் உட்சுவரில் மாற்றம் சிறிது தொடங்கியிருந்ததால் மூன்றாண்டுக்கு ஒரு முறை உள்நோக்கிச் சோதனைக்குப் போய் வருகிறார். சென்ற தை மாதத்திலும் போய் வந்தார். கேடு ஒன்றும் இல்லை.

சோதனைகளின் பெயர்களையும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் தமிழில் எழுதிப் படிப்பகத்தில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் அங்கேயே இருப்பேன். குடும்பத்தில் இந்நோயால் எவரையேனும் இழந்தவர்கள் முதலில் வாருங்கள்.